போர்ட்டோ 78, பென்ஃபிகா 77: போர்ச்சுகல் லீக்கின் 2012–13 சீசன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பியக் கால்பந்து என்றால் நம்மில் பலர் இங்கிலாந்து, ஸ்பெயின் தாண்டிப் போவதில்லை. போர்ச்சுகல் லீக்கை எட்டிப் பார்த்தவர்கள்கூட ரொனால்டோ எங்கே வளர்ந்தார் என்ற அளவோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் 2012–13 சீசனைப் பற்றி மட்டும் கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பெரும்பாலும் ஒரே கோலைப் பற்றித்தான்: பென்ஃபிகாவுக்கு எதிராகப் போர்ட்டோவின் கெல்வின் அடித்தது. அந்தக் கோலும் இங்கே உண்டு, அது மறைத்துவிட்ட மற்ற சங்கதிகளும் உண்டு.

அந்த சீசனில் அப்படி என்னதான் நடந்தது?

போர்ட்டோ ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. பென்ஃபிகா ஒரே ஒரு ஆட்டத்தில் தோற்றது. 30 ஆட்டங்கள் முடிந்தபோது போர்ட்டோவுக்கு 78 புள்ளி, பென்ஃபிகாவுக்கு 77. பென்ஃபிகா தோற்ற அந்த ஒரு ஆட்டம் போர்ட்டோவிடம்தான். அதுவும் கடைசிக்கு முந்தைய சுற்றில், 90 நிமிடம் முடிந்த பிறகு விழுந்த கோலில். இரண்டு அணிகளும் ஜெயித்தது ஆளுக்கு 24 ஆட்டம். மீதி ஆறில் போர்ட்டோவுக்கு ஆறும் டிரா, பென்ஃபிகாவுக்கு ஐந்து டிரா, ஒரு தோல்வி. வித்தியாசம் அவ்வளவுதான்.

லீக் எப்படி நடத்தப்பட்டது?

16 அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற 15 அணிகளோடு சொந்த மைதானத்தில் ஒரு முறை, எதிரணி மைதானத்தில் ஒரு முறை. வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. கடைசி இரண்டு இடத்தில் இருப்பவர்கள் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். ஒரு தொலைக்காட்சி நிறுவனமும் ஒரு பீர் கம்பெனியும் சேர்ந்து விளம்பரதாரர்களாக இருந்ததால் அப்போது லீக்கின் பெயர் ‘லிகா ஸோன் சாக்ரெஸ்’. 2014–15 முதல் 18 அணிகள்.

போர்ச்சுகலில் எப்போதும் இந்த இரண்டு அணிதானா?

மூன்று. லிஸ்பன் நகரத்தின் பென்ஃபிகா, அதே நகரத்தின் ஸ்போர்ட்டிங், வடக்கே போர்ட்டோ நகரத்தின் போர்ட்டோ. லீக் ஆரம்பித்த 1930-களிலிருந்து இந்த மூன்றையும் விட்டால் பட்டம் வாங்கியவர்கள் இரண்டே பேர்: 1945–46-இல் பெலெனென்சஸ், 2000–01-இல் போவிஸ்டா.

வசதியிலும் ஆதரவாளர் எண்ணிக்கையிலும் மற்ற கிளப்புகள் மிகவும் பின்தங்கியவை. தொலைக்காட்சி உரிமையை அங்கே ஒவ்வொரு கிளப்பும் தனித்தனியாகத்தான் விற்றுக்கொண்டிருந்தது. ஆகவே கூட்டம் இருக்கிற இடத்துக்கே காசும் போனது. தினமும் வரும் மூன்று விளையாட்டு நாளிதழ்களில் ‘அ போலா’, ‘ரெகோர்ட்’ இரண்டும் லிஸ்பனிலிருந்து வருபவை, ‘ஓ ஜோகோ’ போர்ட்டோவிலிருந்து. முதல் பக்கத்தில் சின்ன கிளப்பைப் பார்ப்பது அபூர்வம்.

இதனால் ஒரு விசித்திரம் நடக்கும். பெரிய அணி சின்ன அணியிடம் தோற்பதே குறைவு என்பதால், எங்கே டிரா செய்து புள்ளியைக் கோட்டை விட்டோம் என்பதில்தான் பட்டம் நிற்கும். இந்த சீசனைப் புரிந்துகொள்ள இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

சீசன் தொடங்கும்போது யார் கை ஓங்கியிருந்தது?

தொடங்கும்போது ஒரு கணக்கு, செப்டம்பர் 3-ஆம் தேதிக்குப் பிறகு வேறு கணக்கு. அன்றைக்கு ரஷ்யாவின் ஸெனித் கிளப் போர்ட்டோவிடமிருந்து ஹல்க்கையும் பென்ஃபிகாவிடமிருந்து ஆக்ஸல் விட்செலையும் ஒரே நாளில் வாங்கிக்கொண்டது. ஒவ்வொருவருக்கும் சுமார் 40 மில்லியன் யூரோ. பெரிய தொகைதான். ஆனால் போர்ச்சுகலில் ஆட்டக்காரர்களை வாங்குவதற்கான காலம் ஆகஸ்ட் 31-ஓடு முடிந்திருந்தது. ரஷ்யாவில் மட்டும் இன்னும் சில நாள் பாக்கி. ஆக, கையில் பணம் இருக்கிறது, கடை மூடிவிட்டது. இரண்டு கிளப்பும் இருப்பதை வைத்தே சமாளிக்க வேண்டிய நிலை.

பென்ஃபிகாவுக்கு அடி இன்னும் பலம். நடுக்களத்தின் இன்னொரு தூண் ஹாவி கார்சியாவை மான்செஸ்டர் சிட்டி ஆகஸ்ட் கடைசி நாளில் எடுத்துப் போயிருந்தது. அணியின் கேப்டன் லூயிசாவோ, ஜெர்மனியில் நடந்த ஒரு நட்பு ஆட்டத்தில் நடுவர் மேல் மோதி அவரைக் கீழே தள்ளியதற்காக இரண்டு மாதத் தடையில் இருந்தார்.

இங்கேதான் பென்ஃபிகா பயிற்சியாளர் ஜோர்ஜ் ஜெசூஸைப் பாராட்ட வேண்டும். ஓரத்தில் ஆடும் விங்கரான என்ஸோ பெரெஸை நடுக்களத்துக்கு இழுத்தார். முன்னால் ஓடிக்கொண்டிருந்த மெல்கரேஜோவை இடது பின்காப்பாளராக மாற்றினார். அதுவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்த நெமான்யா மாட்டிச்சை நடுவில் நிறுத்தினார். டேவிட் லூயிஸை செல்சிக்கு விற்றபோது பணத்தோடு சேர்த்துத் தள்ளிவிடப்பட்டவர் மாட்டிச். 2014 ஜனவரியில் அதே செல்சி அவரைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கியது. அதுவே ஜெசூஸின் வேலைக்குச் சான்று.

ஹல்க் போன பிறகு போர்ட்டோவுக்கு யார் கோல் அடித்தார்கள்?

ஜாக்சன் மார்ட்டினெஸ். கொலம்பியாக்காரர். மெக்சிகோவின் ஹாகுவாரெஸ் கிளப்பிலிருந்து அந்தக் கோடையில்தான் வந்தார். முதல் சீசனிலேயே லீக்கில் 26 கோல், அதிக கோல் அடித்தவர் என்ற பட்டமும் அவருக்கே. அதற்கடுத்த இரண்டு சீசனிலும் அவர்தான் முதலிடம். பென்ஃபிகா பக்கம், இன்னொரு போர்ச்சுகல் கிளப்பான பிராகாவிலிருந்து வந்த லிமா 20 கோல் அடித்தார். கூடவே பராகுவேயின் ஆஸ்கர் கார்டோசோ.

கோல் கணக்கில் பென்ஃபிகாதான் முன்னால்: 77. போர்ட்டோ 70. ஆனால் போர்ட்டோ வாங்கிய கோல் 30 ஆட்டத்தில் வெறும் 14. கோல்கீப்பர் எல்டன், அவருக்கு முன்னால் ஒட்டாமெண்டி, மங்காலா, இரு பக்கமும் டனிலோ, அலெக்ஸ் சாண்ட்ரோ, நடுவில் காவலுக்கு ஃபெர்னாண்டோ. இந்த வரிசையைப் பார்த்தால் 14 என்பது ஆச்சரியமில்லை.

இரண்டு அணிகளும் முதலில் மோதியபோது என்ன ஆனது?

2013 ஜனவரி 13, லிஸ்பனில் பென்ஃபிகாவின் லூஸ் மைதானம். முதல் 17 நிமிடத்துக்குள் நான்கு கோல்! 8-வது நிமிடம் மங்காலா தலையால் முட்டி போர்ட்டோவுக்கு. இரண்டே நிமிடத்தில் மாட்டிச் பதிலடி: காற்றில் வந்த பந்தைத் தரையில் விழ விடாமல் உதைத்த ஒரு வாலி. அந்த ஆண்டு ஃபிஃபாவின் சிறந்த கோலுக்கான புஷ்காஷ் விருதில் அதற்கு இரண்டாமிடம் கிடைத்தது. 15-வது நிமிடம் ஜாக்சன். 17-வது நிமிடம் கைட்டான். அப்புறம் மீதி 73 நிமிடம் ஒன்றுமே நடக்காத மாதிரி 2–2 என்றே முடிந்தது.

அன்று வெளியேறிய ரசிகர்கள் இதை ஒரு நல்ல ஆட்டம் என்ற அளவில்தான் நினைத்திருப்பார்கள். மே மாதம் வந்தபோது அந்த இரண்டு புள்ளிக்கு விலை கூடியிருந்தது.

பென்ஃபிகா முன்னால் இருந்ததா? பிறகு எப்படி நழுவியது?

மார்ச்சில் போர்ட்டோ சறுக்கியது. ஸ்போர்ட்டிங்கோடு 0–0, மடெய்ரா தீவில் மரித்திமோவோடு 1–1. பென்ஃபிகா 4 புள்ளி முன்னால் போனது. மூன்று ஆட்டம் பாக்கி இருக்கும்போதும் அந்த 4 புள்ளி அப்படியே இருந்தது: பென்ஃபிகா 73, போர்ட்டோ 69.

மே 2 வியாழக்கிழமை, ஐரோப்பியக் கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கின் அரையிறுதியில் துருக்கியின் ஃபெனர்பாசேவை பென்ஃபிகா 3–1 என்று வீழ்த்தி இறுதிப் போட்டிக்குப் போனது. நகரமே கொண்டாட்டத்தில். மே 6 திங்கள்கிழமை, அதே மைதானத்தில் எஸ்டோரில். லிஸ்பனுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர் அணி. அந்த ஆண்டுதான் இரண்டாம் டிவிஷனிலிருந்து ஏறி வந்தது. 1–1. முன்னிலை 2 ஆகச் சுருங்கியது. அடுத்த ஆட்டம் போர்ட்டோவின் வீட்டில்.

என்னைக் கேட்டால் பட்டம் போனது இந்த எஸ்டோரில் ஆட்டத்தில்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்று பென்ஃபிகா ஜெயித்திருந்தால் 76 புள்ளி. பிறகு போர்ட்டோவிடம் தோற்றிருந்தாலும் 76-க்கு 75. கடைசி ஆட்டத்தில் இருவரும் ஜெயித்தார்கள். அப்போது 79-க்கு 78. கெல்வினின் கோல் விழுந்திருந்தும் பட்டம் லிஸ்பனுக்கே வந்திருக்கும். அதற்கு முன்பே பிராகா, அகாடெமிகா, நசியோனால் மூவரோடும் 2–2 என்று புள்ளி இழந்திருந்தார்கள். போர்ட்டோவோடு செய்ததையும் சேர்த்தால், ஐந்து டிராவில் நான்கு 2–2. இரண்டு கோல் அடித்தும் ஜெயிக்க முடியாத நாள் நான்கு!

சரி, மே 11 அன்று சரியாக என்ன நடந்தது?

போர்ட்டோவின் டிராகாவோ மைதானம், சனிக்கிழமை இரவு. பென்ஃபிகா 74, போர்ட்டோ 72. பென்ஃபிகாவுக்கு டிரா போதும். போர்ட்டோவுக்கு வெற்றி தவிர வேறு எதுவும் உதவாது.

19-வது நிமிடத்தில் லிமா அடித்து பென்ஃபிகா முந்தியது. 26-வது நிமிடத்தில் வரேலா உள்ளே அனுப்பிய பந்து பென்ஃபிகாவின் மாக்ஸி பெரேரா மேல் பட்டு சொந்த கோலாக விழுந்தது. 1–1. அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஸ்கோர் அசையவில்லை. நேரம் போகப் போக பென்ஃபிகா பின்வாங்கி நின்றது. அதைக் குறை சொல்லவும் முடியாது, டிரா கிடைத்தால் பாதிப் பட்டம் கையில்.

போர்ட்டோ பயிற்சியாளர் விட்டோர் பெரேரா கடைசிக் கட்டத்தில் இரண்டு பேரை இறக்கியிருந்தார். ஒருவர் லியேட்சன், 35 வயது. பல ஆண்டுகள் ஸ்போர்ட்டிங்குக்குக் கோல் அடித்துத் தள்ளியவர், ஜனவரியில் பிரேசிலின் ஃபிளமெங்கோவிலிருந்து தற்காலிகக் கடன் ஆட்டக்காரராக வந்தவர். இன்னொருவர் கெல்வின், 19 வயதுப் பிரேசில் பையன். 92-வது நிமிடம் லியேட்சன் இடது பக்கம் தள்ளிவிட்ட பந்தை எடுத்துக்கொண்டு பெனால்டி பகுதிக்குள் நுழைந்த கெல்வின், குறுக்காக ஒரு உதை விட்டார். தரையோடு போன பந்து கோல்கீப்பர் ஆர்டூரின் நீட்டிய கையைத் தாண்டி தூரத்து மூலையில் புகுந்தது.

பந்து வலையில் பட்டதும் கோட்டோரம் நின்றிருந்த ஜோர்ஜ் ஜெசூஸின் கால்கள் மடிந்தன. நரைத்த நீள முடியோடு, கருப்பு உடையில், புல் மேல் மண்டியிட்டுக் கிடந்தார். எதிர்ப் பக்கம் ஆட்கள் ஓடுகிறார்கள், கத்துகிறார்கள். போர்ச்சுகல் கால்பந்தில் அதைவிடப் பிரபலமான படம் இந்த நூற்றாண்டில் இல்லை என்றே சொல்லலாம். 2–1. போர்ட்டோ 75, பென்ஃபிகா 74.

கெல்வின் யார்? அதற்குப் பிறகு என்ன ஆனார்?

மாற்று ஆட்டக்காரராகவே வந்து போன பையன். ஆனால் வெறும் ஒரு கோலோடு நிறுத்துவது நியாயமில்லை. ஏப்ரலில் பிராகாவுக்கு எதிராக ஆட்டம் 1–1 என்று இழுத்துக்கொண்டிருந்தபோது உள்ளே வந்து இரண்டு கோல் அடித்து 3–1 ஆக்கியவரும் இவரே. அந்த இரண்டு கோல் இல்லையென்றால் மே 11-க்கு ஒரு அர்த்தமே இருந்திருக்காது. இதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

பிறகு பெரிதாக வளரவில்லை. பிரேசிலில் பால்மெய்ராஸ், சாவோ பாலோ, வாஸ்கோ என்று கடன் ஆட்டக்காரராகவே சுற்றினார். ஆனால் 2013 செப்டம்பரில் திறந்த போர்ட்டோ கிளப் அருங்காட்சியகத்தில் அந்தக் கோலுக்கென்றே தனி இடம் ஒதுக்கினார்கள். ஐரோப்பியக் கோப்பை வென்றவர்களுக்குப் பக்கத்தில், முழு ஆட்டம் ஆடியதே குறைவான ஒரு பையன். ரசிகர்களின் நன்றிக்கு அளவுகோல் கிடையாது!

அன்றே பட்டம் முடிவாகிவிட்டதா?

இல்லை. பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். மே 19 கடைசிச் சுற்று பாக்கி இருந்தது. போர்ட்டோ ஒரு புள்ளி முன்னால். பென்ஃபிகா சொந்த மண்ணில் மொரெய்ரென்ஸேயை 3–1 என்று வென்றது. போர்ட்டோ மட்டும் ஜெயிக்காமல் போயிருந்தால் பட்டம் பென்ஃபிகாவுக்கு. போர்ட்டோவின் ஆட்டமோ மூன்றாம் இடத்தில் இருந்த பசோஸ் டி ஃபெரேராவின் மைதானத்தில். போர்ட்டோ 2–0.

அந்தக் கடைசி ஆட்டத்தில் சர்ச்சை என்கிறார்களே?

உண்டு. 23-வது நிமிடம் வாக்கில், போர்ட்டோவின் ஹாமெஸ் ரோட்ரிகெஸை பசோஸின் ரிக்கார்டோ கீழே தள்ளினார். நடுவர் பெனால்டியும் கொடுத்து ரிக்கார்டோவுக்குச் சிவப்பு அட்டையும் காட்டினார். மறு ஒளிபரப்பில் பார்த்தால் ஃபவுல் நடந்தது பெனால்டி பகுதிக்கு வெளியே. போர்ட்டோவின் லூச்சோ கோன்சாலெஸ் பெனால்டியைக் கோலாக்கினார். பத்து பேரோடு நின்ற பசோஸால் பிறகு எழ முடியவில்லை. இரண்டாம் பாதியில் ஜாக்சன் இன்னொன்று.

போதாக்குறைக்கு, பசோஸின் பயிற்சியாளர் பாவ்லோ ஃபொன்செகா சில வாரங்களிலேயே போர்ட்டோவின் பயிற்சியாளரானார். லிஸ்பனில் இதை வைத்து எவ்வளவு பேச்சு எழுந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். என் பார்வையில் நடுவர் முடிவு தவறு; அதற்கு மேல் கதை கட்ட ஆதாரம் இல்லை. பசோஸ் மூன்றாம் இடத்தை ஏற்கெனவே உறுதி செய்துவிட்ட அணி. அவர்களுக்கு அன்று இழக்கவோ பெறவோ ஒன்றுமில்லை.

ஒரு ஆட்டமும் தோற்காமல் பட்டம் வாங்குவது அங்கே அபூர்வமா?

அதற்கு முன் இரண்டு முறைதான். 1972–73-இல் பென்ஃபிகா, 2010–11-இல் ஆந்த்ரே வில்லாஸ்-போவாஸ் பயிற்சியில் போர்ட்டோ. 1977–78-இல் பென்ஃபிகா ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. ஆனால் பட்டம் கோல் வித்தியாசத்தில் போர்ட்டோவுக்குப் போனது. தோற்காமலே இரண்டாமிடம்! 2013-இல் அழுத பென்ஃபிகா ரசிகர்களின் அப்பாக்கள் அதையும் பார்த்தவர்கள்.

2010 முதல் 2013 வரை மூன்று சீசன், 90 லீக் ஆட்டம், போர்ட்டோ தோற்றது ஒன்றே ஒன்று: 2012 ஜனவரியில் ஜில் விசென்டேயிடம். மூன்று சீசனிலும் பட்டம் அவர்களுக்கே.

அப்படியென்றால் விட்டோர் பெரேராவை ஏன் யாரும் பெரிதாகக் கொண்டாடவில்லை?

நியாயமான கேள்வி. வில்லாஸ்-போவாஸின் உதவியாளராக இருந்தவர், அவர் 2011-இல் செல்சிக்குப் போனதும் பொறுப்பேற்றார். இரண்டு சீசன், 60 லீக் ஆட்டம், ஒரே தோல்வி, இரண்டு பட்டம். எந்த ஊரிலும் சிலை வைப்பார்கள். போர்ட்டோவில் முணுமுணுத்தார்கள்.

காரணங்கள் இருந்தன. முந்தைய பயிற்சியாளர் யூரோப்பா லீக்கையும் சேர்த்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்தவர். பெரேராவின் அணி பந்தை நிறைய நேரம் வைத்துக்கொள்ளும், மெல்ல நகரும். 2013 மார்ச்சில் சாம்பியன்ஸ் லீக்கில் ஸ்பெயினின் மலாகாவிடம், முதல் ஆட்டத்தை 1–0 என்று ஜெயித்துவிட்டு, திரும்பப் போய் 2–0 என்று தோற்று வெளியேறியது. போர்ச்சுகல் கோப்பையில் பிராகாவிடம் வெளியேற்றம், லீக் கோப்பை இறுதிப் போட்டியிலும் பிராகாவிடம் 1–0 தோல்வி. கெல்வின் கோல் மட்டும் இல்லையென்றால் அவர் கையில் ஆகஸ்டில் வாங்கிய சூப்பர் கோப்பையோடு சரி. சீசன் முடிந்ததும் சவுதியின் அல் அஹ்லிக்குக் கிளம்பிவிட்டார். பிறகு கிரீஸிலும் சீனாவிலும் லீக் பட்டங்கள் வென்றார். குறைத்து மதிப்பிடப்பட்டவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பென்ஃபிகாவுக்கு அந்த மே மாதம் அவ்வளவு மோசமா?

மே 11 போர்ட்டோவிடம் 92-வது நிமிடத்தில். மே 15, ஆம்ஸ்டர்டாமில் யூரோப்பா லீக் இறுதிப் போட்டி, செல்சியோடு 1–1 என்று நின்றபோது 93-வது நிமிடத்தில் இவானோவிச் தலையால் முட்டி 2–1. மே 26, போர்ச்சுகல் கோப்பை இறுதிப் போட்டி, விட்டோரியா கிமரைஸ் எதிரணி. கைட்டான் அடித்து 1–0 என்று இருந்தது. 79-வது நிமிடம் சூடானி, 81-வது நிமிடம் ரிக்கார்டோ பெரேரா. 2–1, கிமரைஸின் முதல் கோப்பை. ஆட்டம் முடிந்ததும் கார்டோசோ தன் சொந்தப் பயிற்சியாளர் ஜெசூஸையே பிடித்துத் தள்ளினார்; அத்தனை காமிராவும் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று கோப்பைக்குக் கை நீட்டி, பதினாறு நாளில் மூன்றும் போயிற்று.

கிமரைஸின் பயிற்சியாளர் ரூய் விட்டோரியா, பின்னாளில் பென்ஃபிகாவுக்கே வந்து லீக் பட்டம் வென்றார் என்பது தனிக் கதை.

கூட்மனின் சாபம் என்கிறார்களே, உண்மையா?

பேலா கூட்மன் 1961, 1962 இரண்டு ஆண்டும் பென்ஃபிகாவுக்கு ஐரோப்பியக் கோப்பை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர். சம்பளத் தகராறில் வெளியேறும்போது, இன்னும் நூறு வருஷத்துக்கு ஐரோப்பாவில் ஜெயிக்க மாட்டீர்கள் என்று சொன்னதாகக் கதை. அதற்குப் பிறகு பென்ஃபிகா ஐரோப்பிய இறுதிப் போட்டிகளில் தோற்றது 2013-ஓடு சேர்த்து ஏழு, 2014-ஓடு எட்டு. நம்புவது அவரவர் விருப்பம். எதிரணிகள் மிலான், இன்டர், மான்செஸ்டர் யுனைடெட், செல்சி என்று இருக்கும்போது சாபம் தேவையில்லை என்பது என் எண்ணம்.

பசோஸ் டி ஃபெரேரா மூன்றாம் இடம் பிடித்தது எப்படி?

எனக்கு இந்த சீசனில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். போர்ட்டோவுக்குப் பக்கத்தில் மரச்சாமான் தொழிலுக்குப் பெயர்போன சின்ன ஊர். பாவ்லோ ஃபொன்செகாவுக்கு முதல் டிவிஷனில் அதுவே முதல் சீசன். 30 ஆட்டத்தில் 14 வெற்றி, 12 டிரா, தோல்வி நான்கே நான்கு. 54 புள்ளி. பிராகா 16 ஆட்டம் ஜெயித்தும் 10 தோற்றதால் 52-ஓடு நின்றது. ஜெயிக்க முடியாத நாளில் தோற்காமல் இருப்பது, அதுதான் பசோஸின் வித்தை.

மூன்றாமிடத்துக்குச் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று கிடைத்தது. எதிரணி, ஹல்க்கையும் விட்செலையும் வாங்கிய அதே ஸெனித். சொந்த ஊர் மைதானம் சின்னது என்பதால் முதல் ஆட்டத்தைப் போர்ட்டோவின் டிராகாவோவில் ஆட வேண்டியிருந்தது. 4–1, 4–2 என்று தோற்றார்கள். அதற்குள் ஃபொன்செகா போர்ட்டோவுக்குப் போயிருந்தார். போனவருக்கும் அங்கே நிலைக்கவில்லை; 2014 மார்ச்சில் வெளியேற வேண்டியதாயிற்று.

எஸ்டோரிலையும் மறக்கக் கூடாது. 35 வயது மார்க்கோ சில்வாவின் கையில், ஏறி வந்த முதல் ஆண்டிலேயே ஐந்தாமிடமும் யூரோப்பா லீக் வாய்ப்பும்.

ஸ்போர்ட்டிங்குக்கு என்ன ஆயிற்று?

ஏழாமிடம், 42 புள்ளி. கிளப்பின் வரலாற்றிலேயே மோசமான இடம். ஐரோப்பியப் போட்டி எதற்கும் தகுதியில்லை. ஒரே சீசனில் நான்கு பேர் பயிற்சியாளர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள்: சா பின்டோ, இடைக்காலத்துக்கு ஓசியானோ, பெல்ஜியத்தின் வெர்காட்டரன், கடைசியில் ஜெசுவால்டோ ஃபெரேரா. அக்டோபரில் ஹங்கேரியின் விடியோட்டனிடம் 3–0 என்று வாங்கியதோடு முதலாமவர் கதை முடிந்தது. மார்ச்சில் நடந்த கிளப் தேர்தலில் புரூனோ டி கார்வாலியோ தலைவரானார். கஜானா காலி. வேறு வழியில்லாமல் புரூமா, எரிக் டையர், டியாகோ இலோரி என்று சொந்த அகாடமிப் பிள்ளைகளை இறக்கினார்கள். அடுத்த ஆண்டே லியோனார்டோ ஜார்டிம் வந்து இரண்டாமிடத்துக்குக் கொண்டுபோனார்.

கீழே இறங்கியது யார்?

மொரெய்ரென்ஸே, பெய்ரா-மார். பதிலுக்கு ஏறி வந்தவை பெலெனென்சஸ், அரோக்கா.

பட்டம் வாங்கிய அணியை ஏன் உடனே விற்றுவிட்டார்கள்?

அதுதான் அவர்களின் பிழைப்பு. பட்டம் வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, மே 24-ஆம் தேதி ஹாமெஸ் ரோட்ரிகெஸ், ஜொவாவோ மோட்டினியோ இருவரையும் மொனாக்கோவுக்கு 70 மில்லியன் யூரோவுக்கு விற்றது போர்ட்டோ. ஹாமெஸுக்கு 45, மோட்டினியோவுக்கு 25.

உள்நாட்டுத் தொலைக்காட்சிப் பணம் இங்கிலாந்து, ஸ்பெயின் பக்கம் நெருங்கவே முடியாது. டிக்கெட் வருமானமும் ஓரளவுதான். தென்னமெரிக்காவில் இளம் வயதில் கண்டுபிடித்து, இரண்டு மூன்று வருஷம் சாம்பியன்ஸ் லீக்கில் காட்டி, பெரிய கிளப்புக்கு விற்றால்தான் கணக்கு நேராகும். அந்தக் காலத்தில் ஒரு ஆட்டக்காரரின் உரிமையில் ஒரு பங்கை முதலீட்டு நிறுவனங்கள் வைத்திருப்பதும் அங்கே சகஜம். விற்கும்போது அவர்களுக்கும் பங்கு போகும். 2015 மே முதல் ஃபிஃபா அதைத் தடை செய்தது. அதற்குப் பிறகும் விற்பனை நிற்கவில்லை, பங்குதாரர்கள்தான் மாறினார்கள்.

அடுத்த சீசனில் என்ன ஆனது?

அவ்வளவு அவமானத்துக்குப் பிறகும் பென்ஃபிகா ஜெசூஸை அனுப்பவில்லை. பெரும்பாலான கிளப்புகள் செய்யாத காரியம். 2014 ஜனவரி 5 அன்று பென்ஃபிகாவின் பழைய ஜாம்பவான் யூசேபியோ காலமானார். ஒரு வாரம் கழித்து அதே லூஸ் மைதானத்தில் போர்ட்டோவை 2–0 என்று வென்றார்கள். லீக், போர்ச்சுகல் கோப்பை, லீக் கோப்பை மூன்றும் அந்த சீசனில் பென்ஃபிகாவுக்கு. யூரோப்பா லீக் இறுதிப் போட்டியில் மட்டும் செவியாவிடம் பெனால்டியில் மறுபடியும் தோல்வி. 2017 வரை தொடர்ந்து நான்கு லீக் பட்டம் லிஸ்பனிலேயே தங்கியது. கெல்வின் கோலுக்கு அடுத்த பட்டத்தைப் பார்க்க போர்ட்டோ 2018 வரை காத்திருந்தது.

இப்போது பார்க்க வேண்டுமென்றால் எந்த ஆட்டங்கள்?

ஜனவரி 13 ஆட்டத்தின் முதல் 20 நிமிடம். ஏப்ரலில் போர்ட்டோ–பிராகா ஆட்டத்தின் கடைசி பத்து நிமிடம். மே 11-ஐ முழுதாகப் பாருங்கள். கோல் மட்டும் பார்த்தால் பென்ஃபிகா எப்படிப் படிப்படியாகப் பின்னால் தள்ளப்பட்டது என்பது தெரியாது. எஸ்டோரில் ஆட்டத்தை பென்ஃபிகா ரசிகர் யாரிடமும் சிபாரிசு செய்ய வேண்டாம்.